படுவான்கரைப் பிள்ளைகளின் கண்கள்

இலங்கையில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1918 இல் தொடங்கிற்று. 200 மாணவருக்குக் குறைந்த பாடசாலையாயின் ஆண்டுதோறும் எல்லாப் பிள்ளைகளையும், பெரிய பாடசாலையாயின் 1, 4, 7, 10 ஆம் தரத்தினரையும் பார்க்கவேண்டும் என்பது நடைமுறை.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, சூரியன் படும் திசையிலுள்ள வயல்நிலமே படுவான்கரை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, எம்மவர் 'பாதை' என்றழைக்கும் மிதவையிலேறித்தான் கொக்கட்டிச்சோலைக்குப் போனோம். கண் வைத்தியரைக் காண நகருக்கு வருவதென்றால் தகப்பனுக்கு ஒருநாட் கூலி போய்விடும். பாடசாலைக்கு வரும் பரிசோதனையே அங்குள்ள பிள்ளைகளுக்கு நம்பிக்கை.

2020 மார்ச்சில் கோவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்து மூடி, சிறிய பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் 2021 ஒக்டோபர் 21 இல் மீண்டும் தொடங்கின. பாடசாலைப் பரிசோதனையை ஒழுங்குசெய்யும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களே அக்காலத்தில் தொற்றாளரைத் தேடி அலைந்தவர்களும்.

ஒரு கண் மட்டும் மங்கிய பிள்ளை முறையிடாது. மற்றக் கண்ணை வைத்துக்கொண்டு ஓடித் திரியும். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால், நல்ல கண்ணை மூடிவைத்து மங்கிய கண்ணைப் பழக்கலாம். பிந்தினால் கடினம். 2020 இல் ஆறு வயதாயிருந்த பிள்ளைக்கு அந்த ஒன்றரை ஆண்டு எத்தனை பெரிது!

குறையைக் கண்டறிய மருத்துவரே வரவேண்டும் என்பதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆசிரியர்களைப் பயிற்றியே இதைச் செய்விக்கிறது. பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர் ஒருவர், 20 அடி தூரம், 1862 இல் ஸ்னெலன் வகுத்த எழுத்து அட்டை போதும். எழுத்தறியாச் சிறுவனாயின், ஆங்கில 'ஈ' எழுத்தின் கால்கள் எப்பக்கம் என்று விரலாற் காட்டுவான்.