படைவீரரும் மின்சாரமும் கணினிக் கூடமும்

கையிலுள்ள தொலைபேசியில் நாம் ஒரு செய்தியை அனுப்புகின்றோம். பிள்ளைகள் தங்கள் பரீட்சைப் பெறுபேற்றைத் தேடுகின்றனர். வணிகர் தம் வங்கிக் கணக்கைப் பார்வையிடுகின்றனர். இவையெல்லாம் ஆகாயத்தில் மிதக்கும் மேகம் ஒன்றில் நிகழ்வன போலப் பலரும் எண்ணுவர். ‘மேகம்’ என்றே அதற்குப் பெயரும் சூட்டப்பட்டுள்ளது. உண்மையில் இவை நிகழுமிடம் மண்ணிலே கட்டப்பட்ட மாபெரும் கட்டடங்களாம். அவற்றைத் தரவு மையங்கள் என்பர். அங்கே ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கடுக்காக நின்று இரவு பகலாக இயங்குகின்றன. அவை உண்பது மின்சாரம், உமிழ்வது வெப்பம். மின்சாரம் ஒரு கணமேனும் தடைப்படாமலும், வெப்பம் எல்லை கடவாமலும் காப்பதற்கு மனிதர் வேண்டும். அம்மனிதரை எங்கே தேடுவது என்ற வினாவுக்கு ஐக்கிய அமெரிக்க நாட்டார் கண்ட விடைகளுள் ஒன்று, படைச் சேவையிலிருந்து விலகி வரும் வீரரை அழைத்துக்கொள்வதாகும்.

இது நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. படை, மின்சாரம், கணினி ஆகிய மூன்றும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக ஒன்றோடொன்று பிணைந்து வந்துள்ளன. அப்பிணைப்பின் நன்மையையும் தீமையையும் அறிந்துகொள்வதற்குப் பென்சில்வேனியா என்னும் ஒரு மாநிலத்தின் வரலாறே பெரும்பாலும் போதுமானது.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில், பீரங்கிக் குண்டு எத்திசையில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கணித்து அட்டவணைகள் ஆக்குவது அமெரிக்கத் தரைப்படைக்குப் பெரும் பணியாயிருந்தது. அப்பணியை விரைவுபடுத்துவதற்காகப் படையினரின் பணத்தைக் கொண்டு, பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு கணிப்புப் பொறி அமைக்கப்பட்டது. அதன் பெயர் எனியாக். ஜோன் மோக்லி, பிரெஸ்பர் எக்கேட் ஆகிய இருவரும் அதனை வகுத்தவர்கள். 1946 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது போர் முடிந்துவிட்டது.

அப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. பழைய வானொலிப் பெட்டியின் பின்புறத்தில் செந்நிறமாக ஒளிவிட்ட குழாய்களை மூத்த நேயர்கள் நினைவிற் கொள்வார்கள். ஒரு பெட்டியில் நாலைந்தாக இருந்த அவை இங்கே பதினெண்ணாயிரம். பொறியின் நிறை ஏறக்குறைய 30 தொன். அதற்கு வேண்டிய மின்வலு ஏறக்குறைய 150 கிலோவாற்று. அது இயங்கியபோது பிலடெல்பியா நகர விளக்குகள் மங்கின என்றொரு கதை வழங்குவதுண்டு. அது ஆதாரமற்ற கதை. ஆயினும், வெப்பத்தை வெளியேற்றுவதற்கு வலிய விசிறிகள் தேவைப்பட்டதும், எரிந்துபோகும் குழாய்களை ஓயாது தேடி மாற்றவேண்டியிருந்ததும் மெய். கணக்கை அப்பொறிக்கு ஏற்ற வகையில் அமைத்துக் கொடுத்தவர்கள் ஆறு இளம் பெண்கள். ஆகவே முதற் கணினிக் கூடத்திலேயே மூன்று உண்மைகள் வெளிப்பட்டுவிட்டன. கணினி மின்சாரத்தை விழுங்கும், விழுங்கியதை வெப்பமாக்கும், இவ்விரண்டையும் ஆள்வதற்குப் பயின்ற மனிதர் வேண்டும்.

பயின்ற மனிதரை உருவாக்கிய சட்டம் ஒன்றையும் இவ்விடத்தில் குறிப்பிடல் தகும். 1944 ஆம் ஆண்டு யூன் 22 ஆம் நாள் சனாதிபதி பிராங்கிளின் றூஸ்வெல்ற் கையொப்பமிட்ட அச்சட்டம், போரிலிருந்து திரும்பும் வீரருக்குக் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் அரசு பணம் தரும் என்று விதித்தது. 1956 ஆம் ஆண்டு வரையில் ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அதன் வழியாகக் கல்வியோ பயிற்சியோ பெற்றனர். அவர்களுள் 22 இலட்சம் பேர் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயின்றனர். துப்பாக்கி பிடித்த கைகள் புத்தகம் பிடித்தன. ஆனால் எல்லோருக்கும் கதவு ஒரேயளவாகத் திறக்கவில்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்புப் பெரிதும் உள்ளூர் அதிகாரிகளிடம் இருந்தமையால், கறுப்பின வீரர் பலர், சிறப்பாகத் தென் மாநிலங்களில், தமக்குரியதைப் பெறாதுபோயினர். நல்ல சட்டமும் அதனை நடத்துவோரின் மனத்தளவே பயன் தரும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணமாகும்.

படையிற் பெற்ற தொழிலறிவு பிற்காலத்தில் கணினித் துறைக்குப் பயன்பட்டமைக்கு டக்ளஸ் எங்கெல்பாட் ஒரு சான்று. போர்க்காலத்தில் அவர் கடற்படையில் ராடார்க் கருவிகளைப் பராமரித்தவர். திரும்பி வந்து 1948 இல் மின்பொறியியலிற் பட்டம் பெற்றார். கணினித் திரையில் எழுத்துகளையும் குறிகளையும் கண்டு இடைவினை செய்யலாம் என்ற எண்ணம், ராடார்த் திரையைப் பார்த்துப் பழகிய அவருக்கு எளிதிற் பிடிபட்டது. இன்று யாவரும் கையாளும் ‘மவுஸ்’ என்னும் கருவியை 1968 இல் சபையோர் முன் இயக்கிக் காட்டியவர் அவரே.

இனி, மின்சாரத்தின் பக்கம் வருவோம். அமெரிக்கக் கடற்படையில் ஹைமன் றிக்கோவர் என்றோர் அதிகாரி இருந்தார். அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பலை ஆக்குவித்தவர் அவர். நோட்டிலஸ் என்னும் அக்கப்பல் 1955 சனவரியில் அணுசக்தி கொண்டு கடலிற் புறப்பட்டது. அதே றிக்கோவரின் மேற்பார்வையில் பென்சில்வேனியா மாநிலத்துச் சிப்பிங்போட் என்னுமிடத்தில் ஓர் அணு மின்நிலையம் எழுந்து, 1957 ஆம் ஆண்டின் இறுதியில் மக்களுக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கியது. கப்பலில் இயங்கிய உலையின் இனமே கரையிலும் இயங்கியது. கப்பலிற் பயின்ற மனிதரும் பின்னர் கரைக்கு வந்தனர். றிக்கோவரின் பயிற்சி கடுமைக்குப் பெயர்பெற்றது. அணுசக்திக் கப்பலுக்கு விண்ணப்பிக்கும் அதிகாரிகளை அவர் நேரில் விசாரித்தே தெரிவுசெய்தார். ஆதலின், கடற்படையில் அணு உலை இயக்கியவர் என்றால், மின்நிலையங்கள் அவரை மனமுவந்து ஏற்றன. அவ்வாறு ஏற்றதில் தவறில்லை. எனினும் அதனுள் ஓர் ஆபத்தும் மறைந்திருந்தது.

பென்சில்வேனியாவின் சஸ்குவெகன்னா ஆற்றின் நடுவே மூன்று மைல் தீவு என்றொரு தீவு உண்டு. அங்கே இரண்டு அணு உலைகள் இருந்தன. 1979 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆம் நாள் அதிகாலை நான்கு மணியளவில், இரண்டாம் உலையில் நீரோட்டம் தடைப்பட்டது. உலை தானாகவே நின்றது. அழுத்தம் மிகுந்தபோது திறந்த வால்வு ஒன்று, அழுத்தம் தணிந்த பின்னர் மூடியிருக்க வேண்டும், அது மூடவில்லை. மூடும்படி கட்டளை சென்றதை மட்டும் காட்டும் விளக்கு, வால்வு மூடிவிட்டது போன்ற தோற்றத்தைத் தந்தது. குளிர்நீர் வெளியேறிக்கொண்டேயிருந்தது. உலையைக் காப்பதற்குத் தானியங்கிக் குழாய்கள் புதுநீரைச் செலுத்தின. அப்போது கட்டுப்பாட்டு அறையிலிருந்தோர் அந்த நீரைக் குறைத்துவிட்டனர்.

ஏன் குறைத்தனர்? அவர்கள் அசட்டையான மனிதரல்லர். அன்றிரவு கடமையிலிருந்த நால்வரும் கடற்படையில் அணு உலைப் பயிற்சி பெற்றவர்கள். உலையின் அழுத்தத்தைச் சீர்செய்யும் கலம் நீரால் நிரம்பிவிடலாகாது என்பது அவர்கள் கப்பலிற் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. மின்நிலையப் பயிற்சியும் விதிகளும் அதனையே வற்புறுத்தின. அக்கலத்தின் நீர்மட்டம் உயர்வதைக் கண்டதும் அவர்கள் பாடத்தின்படி நடந்தனர். கப்பலின் உலை சிறியது. நின்ற பின்னர் அதனிடம் எஞ்சும் வெப்பமும் சிறியது. கரையிலுள்ள உலையோ மிகப் பெரியது. நின்ற பின்னரும் அதன் வெப்பத்தைத் தணிக்க நீர் ஓயாது வேண்டும். கப்பலிற் காத்த பாடம் கரையிற் கைவிட்டது. சில மணி நேரத்துக்குள் உலையின் எரிபொருளிற் பெரும் பகுதி உருகிப்போயிற்று.

இதனை ஆராய்வதற்குச் சனாதிபதி ஜிம்மி காட்டர் ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். அவரும் ஒரு காலத்தில் றிக்கோவரின் கீழ்க் கடற்படையிற் பணிபுரிந்தவரே. ஆணைக்குழுவின் தலைவர் ஜோன் கெமனி என்ற கணித அறிஞர்; கணினிக்குக் கட்டளையிடும் ‘பேசிக்’ மொழியை 1964 இல் தோமஸ் கேட்ஸ் என்பாருடன் சேர்ந்து ஆக்கியவர். முதற் சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே ஒலித்ததையும், அவற்றை அச்சிட்டுத் தரவேண்டிய கணினி பின்தங்கிப் போனதையும் அந்த விசாரணை வெளிக்கொணர்ந்தது. 1977 ஆம் ஆண்டிலே ஒகையோ மாநிலத்தில் அதே இனத்தைச் சேர்ந்த உலையொன்றில் இதே போன்ற வால்வு மூடாது நின்றிருந்தது. அங்கே கண்ட பாடம் மற்றைய நிலையங்களுக்கு உரியவாறு போய்ச் சேரவில்லை. ஆணைக்குழு மனிதரை மட்டும் குறை கூறவில்லை. அவர்களைப் பயிற்றிய முறையையே பெரிதும் குறை கூறியது. அதன் பயனாக 1979 இறுதியிலேயே, அணு மின்நிலையங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கற்பதற்கான பொது நிறுவனம் ஒன்று தோன்றியது.

இப்பொழுது தரவு மையங்களுக்குத் திரும்புவோம். 2023 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா பயன்படுத்திய மின்சாரத்தில் நூற்றுக்கு 4.4 பங்கைத் தரவு மையங்களே நுகர்ந்தன. 2028 இல் அது நூற்றுக்கு 6.7 முதல் 12 வரை உயரலாம் என அந்நாட்டு அரசின் ஆய்வுகூடம் ஒன்று மதிப்பிட்டுள்ளது. இத்தகைய கட்டடத்தில் உத்தியோகம் என்றால் கணினிக்கு நிரல் எழுதுவது மாத்திரமன்று. மின்மாற்றி, மின்கல அடுக்கு, டீசல் மின்பிறப்பாக்கி, குளிரூட்டும் பொறி ஆகியவற்றைப் பார்ப்போர் வேண்டும். நள்ளிரவிலும் முறை மாற்றிக் காவல் நிற்போர் வேண்டும். எழுதிய ஒழுங்கின்படி ஒவ்வோர் அடியாகப் பணிசெய்து, செய்ததைக் குறித்துவைப்போர் வேண்டும். கப்பலின் இயந்திர அறையில் வாழ்ந்தவனுக்கு இவையெல்லாம் பழகிய வேலை. ஆதலால் மைக்ரோசொப்ட் நிறுவனம் 2013 ஆம் ஆண்டில் படைவீரருக்கெனக் கணினிப் பயிற்சித் திட்டமொன்றைத் தொடங்கியது. பாதுகாப்புத் திணைக்களத்தின் திட்டமொன்றோ, சேவையின் இறுதி 180 நாள் வரையில், படைச் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டே வெளி நிறுவனங்களில் தொழில் பழக இடமளிக்கின்றது.

மூன்று மைல் தீவும் இக்கதையில் மீண்டும் தோன்றுகின்றது. விபத்துக்குள்ளாகாத முதலாம் உலை 1985 இல் மறுபடியும் இயங்கி, வருவாய் போதாமையால் 2019 செப்தெம்பரில் மூடப்பட்டது. 2024 செப்தெம்பர் 20 ஆம் நாள், அதன் உரிமையாளரான கொன்ஸ்ரலேசன் நிறுவனம் அதனைத் திரும்பவும் இயக்கப்போவதாக அறிவித்தது. அதன் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு வாங்க உடன்பட்டது மைக்ரோசொப்ட். தன் தரவு மையங்களின் தேவைக்கு ஈடாக. அவ்வுலையின் வலு ஏறத்தாழ 835 மெகாவாற்று. எனியாக் போன்ற 5,500 பொறிகளை ஒருங்கே இயக்கினாலும் மீந்திருக்கும் அளவு அது. உலையைத் திருத்தினால் மட்டும் போதாது. அதனை இயக்க உரிமம் பெற்ற மனிதரையும் புதிதாகப் பயிற்றி எடுக்கவேண்டும்.

மின்சாரம் கிடைத்துவிட்டாற் கவலை தீர்ந்ததா என்றால், இல்லை. 2024 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வேர்ஜீனியா மாநிலத்தின் வட பகுதியில் உயரழுத்த மின்கம்பியொன்றிற் பழுது நேர்ந்து, மின்னழுத்தம் சிறு பொழுதுக்குள் பலமுறை தளர்ந்தது. அப்பகுதியில் தரவு மையங்கள் மிகச் செறிந்துள்ளன. ஒரு நிமிடத்துக்குள் மும்முறை தளர்வு கண்டால் பொதுமின்சாரத்தை விட்டுச் சொந்த மின்கலத்துக்கும் மின்பிறப்பாக்கிக்கும் மாறிவிடும்படி அவற்றுட் பலவற்றின் கருவிகள் அமைக்கப்பட்டிருந்தன. ஆகவே ஏறத்தாழ 60 மையங்கள் ஒரே வேளையில் விலகின. 1,500 மெகாவாற்று அளவான சுமை திடீரென மறைந்தது. சுமை மறைந்ததும் மின்வலையின் அழுத்தம் உயர்ந்தது. மின்வலையைக் காப்போர் விரைந்து செயற்பட்டுப் பேரிடரைத் தவிர்த்தனர். ஒவ்வொரு கட்டடமும் தன்னைக் காத்துக்கொண்டது; தன்னளவில் அது செய்தது சரியே. எல்லாம் ஒன்றாகச் செய்தபோது பொதுவானதற்கு ஆபத்து வந்தது.

மூன்று மைல் தீவில் கப்பலின் பாடம் கரைக்குப் பொருந்தவில்லை. வேர்ஜீனியாவில் ஒரு வீட்டின் பாடம் ஊருக்குப் பொருந்தவில்லை. இரண்டிலும் குறைவாயிருந்தது ஒழுக்கமன்று. தாம் நிற்குமிடம் எது என்ற தெளிவே.

படைவீரரை இத்தொழிலுக்கு அழைப்பது நன்று. நாட்டுக்காக உழைத்தவன் சேவை முடிந்தபின் வேலையின்றி அலைதல் எந்த நாட்டுக்கும் பெருமை தராது. ஆனால் அவனுக்கு உத்தியோகம் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. புதிய இடத்தின் இயல்பைக் கற்பதற்குக் காலமும் ஆசிரியரும் கொடுத்தல் வேண்டும். பழைய பாடம் எங்கே உதவும், எங்கே உதவாது என்று வாய்விட்டுக் கேட்கும் உரிமையும் அவனுக்கு வேண்டும். பாடசாலைகளில் மாணவருக்கு விதியைக் கற்பிக்கும் நாமும், அவ்விதி எதனால் உண்டாயிற்று என்பதைச் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். காரணத்தை அறிந்தவன் இடம் மாறும்போது விதியையும் மாற்றிக்கொள்வான். விதியை மட்டும் அறிந்தவன் தன் கடமையைச் செய்துகொண்டே தவறிவிடுவான்.