ஒரு பூ, பல பெயர்கள்



மாரி மழை தொடங்கியதும் நமது வாவிக்கரைப் பற்றைகளிலும் வேலிகளிலும் ஒரு கொடி ஏறும். அதன் இலை நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொள்ளும். மஞ்சளும் சிவப்புமான ஆறு இதழ்கள் தீச்சுவாலை போல மேல்நோக்கி நிற்கும். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்கிறோம். போர்க்காலம் அதற்கு வேறோர் அடையாளத்தையும் கொடுத்தது. ஆனால் அதன் வரலாறு மிகப் பழையது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களில் முதலாவது இதுதான். அங்கே அதன் பெயர் காந்தள். பழந்தமிழில் 'தோன்றி' என்றும் சொன்னார்கள். நம் பேச்சில் மறைந்த அந்தச் சொல் கேரளத்தில் 'மேந்தோன்னி' என்று இன்றும் வாழ்கிறது. சிங்களத்தில் நியங்கலா. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு.

1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராகக் கொழும்பில் இருந்த போல் ஹெர்மன், இலங்கைச் செடிகளை உலர்த்திச் சேகரித்தார். இந்தக் கொடிக்கு மலபார்ப் பெயரை ஒட்டி 'மெத்தோனிக்கா' என்று லத்தீனில் பெயர் எழுதினார். பின்னர் சுவீடன் அறிஞர் லின்னேயஸ் அவரது சேகரிப்பை வைத்து, இலங்கையை ஒருநாளும் பார்க்காமலேயே, 1747இல் நம் நாட்டுத் தாவரங்களைப் பற்றி நூல் வெளியிட்டார். அவர் மெத்தோனிக்காவை விட்டுவிட்டு 'குளோரியோசா' என்ற பெயரை வைத்தார். புகழுக்குரியது என்று பொருள். அதுவே இன்றும் உலகப் பெயர்.

அந்தப் பெயர் அழகை மட்டும் சொல்கிறது. கிராமத்தார் வைத்த பெயரோ மண்ணுக்குள் இருப்பதைச் சொல்கிறது. கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும் என்பதே அதன் அடையாளம். அதில் உள்ள கொல்கிசின் கொடிய நஞ்சு, அவித்தாலும் போகாது. வற்றாளைக் கிழங்கென்று நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இந்நாட்டில் உண்டு. வாந்தியும் வயிற்றோட்டமும் சில மணி நேரம் கழித்தே தொடங்கும். அதுவரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எனவே பிள்ளைகளுக்குப் பூவைக் காட்டும்போது கிழங்கின் பெயரையும் சொல்லிக் கொடுப்போம். உங்கள் உம்மம்மா இந்தக் கொடியை என்ன பெயரால் அழைத்தார்? ஊரின் பெயரோடு கீழே எழுதுங்கள். எழுதி வைக்காத பெயர் அவர்களோடு போய்விடும்.