பழைய ஜீப்பைக் கழற்றும் பிள்ளைகளுக்கும், அவர்களை ஏசும் பெற்றோருக்கும்

 

சென்ற சனிக்கிழமை பதுளை டவுனில் ஒரு தகப்பன் எங்களை நிறுத்தினார். “சேர், நீங்கதான் மகனுக்கு ஒரு வார்த்த சொல்லணும். சனி, ஞாயிறு வந்தா அந்தப் பழைய லேண்ட் ரோவருக்குக் கீழதான் கெடக்கிறான். சம்பளத்துல பாதி பஞ்சிகாவத்தக்கிப் போகுது. பள்ளிக்கு வந்தாலும் கையில கிரீஸ்.”

பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றோம். அஸருக்குப் பிறகு அந்த இடத்துக்குப் போனோம். நான்கு கட்டைகளின் மேல் ஒரு லேண்ட் ரோவர் நின்றது. சில்லுகள் இல்லை. கியர்பொக்ஸ் கீழே ஒரு சாக்கின் மேல் கிடந்தது. நான்கு இளைஞர்கள்: எம்மவர் ஒருவர், பசறைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர், சிங்களச் சகோதரர்கள் இருவர். பக்கத்தில் கதிரை போட்டு ஒரு வயதாளி இருந்தார். தோட்டத்துக் கராஜில் காலம் முழுக்க வேலை செய்தவர். “அதக் கழட்ட முந்தி இதக் கழட்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்ல, மஃரிப் பாங்கு சொல்லும் வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தத் தகப்பனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்த வண்டிகள் எங்கள் மலைக்கு ஏன் வந்தன என்று பார்ப்போம். 1924 இல் ரயில் பதுளை வரை வந்தது. அது தேயிலைப் பெட்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோனது. ஆனால் ஸ்டேஷனுக்கும் ஸ்டோருக்கும் இடையில், ஸ்டோருக்கும் மேல் டிவிஷனுக்கும் இடையில் இருந்தது தோட்டத்துப் பாதைதான். கல் பதித்த, ஒரு வண்டி மட்டும் போகும் பாதை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். நமுனுகுல, மடூல்சீமை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கம் இருப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழை பெய்தால் சாதாரணக் காரின் பின்சில்லு சேற்றில் சும்மா சுற்றும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க வில்லிஸ் ஜீப் வந்தது. நாலு சில்லும் இழுக்கும். வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1944 இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. எங்கள் தியத்தலாவையும் அப்போது படை முகாம். யுத்தத்துக்கு வந்த வண்டி யுத்தம் முடிந்ததும் தோட்டத்துக்கும் காட்டுக்கும் உதவும் என்பதை உலகமே கண்டுகொண்டது.

இங்கிலாந்தில் ரோவர் கம்பனியின் மோரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஒரு பழைய இராணுவ ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அது மாதிரி ஒன்றை நாமே செய்தால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். யுத்தம் முடிந்த காலம், இரும்புக்குக் கட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். பெரிய அச்சு தேவைப்படாமல் தட்டையாக, கையால் மடித்துச் செய்யும்படி வடிவமைத்தார்கள். கையால் செய்ததைக் கையாலேயே திருத்தவும் முடிந்தது. எங்கள் ஊர் டிங்கர் பாஸ்மார் அந்தத் தகட்டை மரச் சுத்தியலால் தட்டி எடுக்க முடிந்தது இதனால்தான்.

பழைய லேண்ட் ரோவருக்குள் பார்த்தவர்களுக்குத் தெரியும், கியர் தடிக்குப் பக்கத்தில் மஞ்சள் குமிழ் ஒன்றும் சிவப்புக் குமிழ் ஒன்றும் இருக்கும். மஞ்சளை அமத்தினால் முன்சில்லும் சேர்ந்து இழுக்கும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் தாழ்ந்த கியர் வரிசை விழும். வண்டி மனிதன் நடக்கும் வேகத்தில், ஆனால் முழுப் பலத்தோடு ஏறும். தோட்டத்துப் பாதைக்குத் தேவைப்பட்டது அந்தப் பலம்தான்.

பழைய படங்களைப் பார்த்தால் வண்டிக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட துரை நிற்பார். வண்டியை அறிந்தவன் படத்தில் இருக்க மாட்டான். எண்ணெய் மாற்றியவன், ஸ்பிரிங் பட்டை உடைந்தால் பங்களாவுக்கு நடந்தே போய்ச் செய்தி சொன்னவன், இரவில் பிள்ளைப்பேற்று வலி வந்தவளை ஏற்றிக்கொண்டு இறங்கியவன், தோட்டத்து டிரைவரும் கராஜ் ஆட்களும்தான்.

லேண்ட் ரோவர் பிறந்த அதே 1948 இல்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழ் மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று எழுதினார்கள். குடும்பம் குடும்பமாக ரயிலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். போனவர்களில் ஸ்பேனர் பிடித்த கைகளும் இருந்தன. அவர்கள் அறிந்திருந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை.

வண்டியின் இலக்கத் தகட்டிலும் வரலாறு இருக்கிறது. ஆங்கில எழுத்துகள் இருந்தால் பழைய பதிவு. நடுவில் சிங்கள ‘ஸ்ரீ’ இருந்தால் 1957க்குப் பிந்தியது. அந்த ஒரு எழுத்துக்காக வடக்கில் தார் பூசினார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். 1958 கலவரத்துக்கு முன் நடந்த கதை அது. இன்று ஸ்ரீ தகடு போட்ட வண்டிக்குக் கீழே மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படுத்துக் கிடக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

1970க்குப் பிறகு நிலைமை மாறியது. அந்நியச் செலாவணி இல்லை, இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 திருத்தமும் வந்து தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள், வண்டிகள் நின்றன. உதிரிப்பாகம் மட்டும் வரவில்லை. 1977 இல் திறந்த பொருளாதாரம் வரும் வரை, உடைந்ததை வாங்கிப் போட முடியாது. செய்துதான் போட வேண்டும்.

அந்த வயதாளி எங்களுக்குச் சொன்னது இதைத்தான். தேய்ந்த புஷ்ஷை லேத்தில் கடைந்தார்கள். லொறி டயரை வெட்டி ரப்பர் தாங்கி செய்தார்கள். ஒரு வண்டியின் கியர் பல்லை இன்னொன்றுக்குப் பொருத்தினார்கள். எம்மவர் கடையில் பழைய சாமான், தமிழ் டிரைவரின் காது, சிங்கள லேத் பாஸின் கை. மூன்றும் சேராமல் ஒரு வண்டியும் மலை ஏறவில்லை.

1977க்குப் பிறகு ஜப்பான் சாமான்கள் தாராளமாக வந்தன. மிட்சுபிஷியின் 4டிஆர்5 ஜீப் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். 2.7 லீற்றர் டீசல் எஞ்சின், சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும். பழைய லேண்ட் ரோவர்களின் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சினைப் பூட்டும் வேலையும் பரவியது. காரணம் ஆசையல்ல, டீசல் விலை குறைவு.

அது லேசான வேலையுமல்ல. எஞ்சினின் துளைகள் ஒரு மாதிரி, கியர்பொக்ஸின் துளைகள் இன்னொரு மாதிரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தடித்த இரும்புத் தட்டைக் கடைந்து போட வேண்டும். மையம் மயிரளவு விலகினாலும் கிளட்ச்சும் பெயரிங்கும் சீக்கிரம் போய்விடும். டீசல் எஞ்சினின் பாரத்துக்கு முன் ஸ்பிரிங்கைப் பலப்படுத்த வேண்டும். இன்று பிள்ளைகள் ‘மொடிபிகேஷன்’ என்று சொல்வதை, எங்கள் ஊர் பாஸ்மார் வேறு வழியில்லாமல் அன்றே தொடங்கிவிட்டார்கள்.

எங்களை மாதிரியே இன்னொரு தேயிலை மலை இருக்கிறது. மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சங் என்ற சிற்றூர். அங்கிருந்து 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு, 1950களின் லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாக ஆட்களையும் சாமானையும் ஏற்றிப் போய்வந்தன. லேண்ட் ரோவர் கம்பனி தன் 70 ஆவது ஆண்டில், 2018 இல், அந்த ஊரைத் தேடிப்போய்ப் படம் எடுத்தது. அங்கே நூதனசாலை எதுவும் இல்லை. வண்டியை ஓட்டியே பிழைக்கும் சாரதிகளும் மெக்கானிக்குகளும்தான் அதைக் காப்பாற்றினார்கள்.

எங்கள் நிலைமை என்ன? 2020 இல் வாகன இறக்குமதி நின்றது. 2025 தொடக்கத்தில் திறந்தபோது, விலை சாதாரண மனிதன் கேட்கக்கூடியதாக இல்லை. பழைய ஜீப்புக்குக் கொழும்பில் கிராக்கி கூடியது. மேல் டிவிஷன்களில் ஓடிய வண்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன. பளபளப்பாகப் பெயின்ட் அடித்து வார இறுதிப் பவனிக்கு நிறுத்தப்படுகின்றன. விற்பவரைக் குறை சொல்ல மாட்டோம், அவருக்கும் பிள்ளை குட்டி உண்டு. ஆனால் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததை மறக்க முடியுமா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பாதைகள் மூடிக் கிடந்ததை மறக்க முடியுமா? தார்ப் பாதை முடிந்த இடத்திலிருந்து லயம் வரை அரிசி மூட்டையும் நோயாளியும் எந்த வண்டியில் போக முடியும் என்பது அந்த நாட்களில் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

இப்போது அந்த இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டியில் கார் பாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் மரணித்தார்கள். ஒரு சிறுமியும் அதில் அடக்கம். அது வேறு வகை வாகனம், வேறு வகைப் போட்டி. ஆனாலும் அந்த ஜனாஸாக்களையும் சவ ஊர்வலங்களையும் பார்த்த மாவட்டம் இது. அதனால் கேட்கிறோம்.

லைட்டுக்கும் பெரிய டயருக்கும் காசு போட முந்தி பிரேக்கைப் பாருங்கள். அலுமினிய உடம்பு துருப்பிடிக்காது, கீழே இருக்கும் இரும்புச் செசி உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். சுத்தியலால் தட்டிச் சத்தம் கேளுங்கள். வண்டியை உயர்த்த உயர்த்த வளைவில் புரளும் ஆபத்து கூடும். எஞ்சின் மாற்றினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்றுங்கள். புல்வெளிகளையும் நீரூற்றுகளையும் சில்லால் கிழிக்காதீர்கள், அந்தத் தண்ணீர்தான் கீழே லயத்துப் பைப்புக்கு வருகிறது.

இன்னொன்று. பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறாரே அந்தப் பெரியவர், அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த எஞ்சினுக்கு எந்தத் தட்டு, எந்தப் பெயரிங்குக்குப் பதில் எது, எந்தச் சத்தத்துக்கு என்ன நோய். அவர் மௌத்தானால் அதுவும் அவரோடு போய்விடும். தலைமன்னார் ரயிலில் போனதை எங்களால் திருப்பி எடுக்க முடியவில்லை. இருப்பதையாவது எழுதி வைப்போம்.

நாங்களும் சும்மா இருக்கப் போவதில்லை. அடுத்த தவணையில் 10 ஆம் தரப் பிள்ளைகளை ஐந்தைந்து பேராக ஊர்க் கராஜ்களுக்கும் லேத் கடைகளுக்கும் அனுப்பப் போகிறோம். வரலாற்றுப் புத்தகத்தில் அரசர்களும் ஆளுநர்களும் இருக்கிறார்கள், பாஸ்மார் இல்லை. அவர்களைப் பிள்ளைகள் எழுதட்டும். உங்கள் வாப்பா, அப்பா, சீயா யாராவது தோட்டத்தில் வண்டி ஓட்டியிருந்தால், திருத்தியிருந்தால் கீழே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் போடுங்கள். பழைய வண்டி விற்கும் யோசனை இருந்தால், கொழும்புக்காரருக்குச் சொல்ல முந்தி ஊரில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்களை நிறுத்திய அந்தத் தகப்பனுக்கு: மகன் காசைக் கொஞ்சம் அளவாகச் செலவழிக்கட்டும், அதை நாங்கள் அவரிடம் சொல்லிவிட்டோம். மற்றப்படி ஏசாதீர்கள். கை கழுவிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார், நாங்கள் பார்த்தோம். கிரீஸ் நகத்துக்குள் இருந்து லேசில் போகாது.

வஸ்ஸலாம்.