ரேம்பஸ்: வேகத்துக்கு வைத்த விலை

இனி வரும் கம்ப்யூட்டர்களுக்கு ஆர்டிரேம்தான் நினைவகம் என்று முடிவு செய்து, 1996இல் அதை வடிவமைத்த ரேம்பஸ் நிறுவனத்தோடு இன்டெல் ஒப்பந்தம் போட்டது. 1990இல் தொடங்கப்பட்ட ரேம்பஸ் சொந்தமாகச் சிப் தயாரிக்கவில்லை. வடிவமைப்புக்கு உரிமம் கொடுத்து ராயல்டி வாங்குவதே அதன் தொழில்.

அன்று புழக்கத்திலிருந்த பிசி133 எஸ்டிரேம் நொடிக்கு 1.06 ஜிகாபைட் அனுப்பும். பிசி800 ஆர்டிரேம் 1.6 ஜிகாபைட். ஆனால் ஆர்டிரேமுக்கான இன்டெலின் 820 சிப்செட் 1999 நவம்பரில் கடைக்கு வந்தபோது, ஆர்டிரேமின் விலை எஸ்டிரேமைப்போலப் பல மடங்கு. சிப்பின் அளவு பெரிது, சோதனைக் கருவிகள் புதியவை, ராயல்டி வேறு. சூடாகும் என்பதால் ரேமுக்கு அலுமினியக் கவசம் போட்டிருந்தார்கள். மதர்போர்டில் ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடவும் முடியாது. சிக்னல் ஒவ்வொரு ஸ்லாட்டையும் கடந்தே கடைசிவரை போக வேண்டும். அதற்காகச் சிப்பே இல்லாத அட்டை ஒன்றைச் செருக வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் பலன் சொற்பம். பென்டியம் 3 ப்ராசஸரின் 133 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 1.06 ஜிகாபைட்டுக்கு மேல் போகாது. ரேமில் கூடுதலாக இருந்த வேகத்தை அது பயன்படுத்தவே இல்லை. கேட்ட தரவு வரத் தொடங்குவதற்கான காத்திருப்பும் ஆர்டிரேமில் அதிகம். விலை குறைந்த எஸ்டிரேம் பல சோதனைகளில் சமமாக நின்றது, சிலவற்றில் முந்தியது. 820 போர்டில் எஸ்டிரேமையே பொருத்த உதவிய இடைச் சிப்பிலும் கோளாறு தெரியவர, 2000 மே மாதம் இன்டெல் அந்த போர்டுகளைத் திரும்பப் பெற்றது.

2000 நவம்பரில் வந்த பென்டியம் 4இன் கதை வேறு. அதன் பஸ் 3.2 ஜிகாபைட், 850 சிப்செட்டில் இரண்டு சேனல் ஆர்டிரேமும் அதே அளவு கொடுத்தது. கொடுத்த காசுக்கு ஆர்டிரேம் வேலை செய்தது இங்கேதான். இதே ப்ராசஸருக்குப் பிசி133 போட்ட 845 போர்டுகள் 2001 செப்டம்பரில் வந்தன. விலை மலிவு, வேகம் கண்கூடாகக் குறைவு.

இந்த இடைவெளியை நிரப்பியது டிடிஆர் ரேம். பிசி2100 ரகம் நொடிக்கு 2.1 ஜிகாபைட் கொடுத்தது. விலையோ எஸ்டிரேமை ஒட்டியே இருந்தது. 2002 தொடக்கத்தில் 845 சிப்செட்டும் டிடிஆருக்கு மாறியது. 2003இல் வந்த 865, 875 சிப்செட்களில் இரண்டு சேனல் டிடிஆர் 6.4 ஜிகாபைட்டைத் தொட்டபின் மேசைக் கம்ப்யூட்டரில் ஆர்டிரேமுக்கு வேலை இல்லாமல் போனது. ஆர்டிரேம் போர்டு வாங்கியவர்கள் ரேமைக் கூட்ட நினைத்தபோது, அருகிப்போன சரக்குக்கு மறுபடியும் கூடுதல் விலைதான் கொடுத்தார்கள்.