கைம்மாறும் கைமாற்றமும்: மைசூர் வட்டார மருத்துவப் பணிகளை முன்வைத்துத் தலைமை அறம் பற்றி ஓர் ஆய்வு

மருத்துவத்திலும் சமூகப் பராமரிப்பிலும் 'நிலைத்தன்மை' என்ற சொல் பெரும்பாலும் பணத்தைப் பற்றியதாகவே புழங்குகிறது. நன்கொடை நின்றால் மருத்துவமனை நிற்குமா, மானியம் தொடருமா என்பவையே வழக்கமான கேள்விகள். 'அறம்' என்பதோ தலைவரின் சொந்த ஒழுக்கம், எளிமை, தியாகம் ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. இரண்டையும் இப்படித் தனித்தனியே ஆராய்வதுதான் பிழை என்று கருதுகிறேன். முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, அது எப்போது யாருக்குக் கைமாறுகிறது என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே விடைதான் கிடைக்கும். மைசூரைச் சுற்றியுள்ள காட்டோரப் பகுதிகளில் இதைத் தெளிவாகவே பார்க்கலாம்.

1984இல் மைசூர் மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்த ஆர். பாலசுப்ரமணியமும் நண்பர்களும் சுவாமி விவேகானந்தா இளைஞர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளுக்கு மருந்து திரட்டித் தந்த மாணவர் குழு, சில ஆண்டுகளில் ஹெக்கடதேவன்கோட்டை வட்டத்தின் ஹாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹாடி என்பது பழங்குடிக் குடியிருப்பு. 1973இல் பந்திப்பூர் புலிகள் காப்பகமானது. 1974இல் கபினி அணை எழுந்தது. தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த ஜேனு குறுபரும் காடு குறுபரும் காட்டுக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். பலர் குடகுக் காப்பித் தோட்டங்களில் கூலிகள் ஆனார்கள். மருத்துவர்கள் அங்கே எதிர்கொண்ட நோய்களில் பெரும்பகுதிக்கு வேர் இந்த இடப்பெயர்வில் இருந்தது. கென்சனஹள்ளியிலும் சரகூரிலும் பின்னர் மருத்துவமனைகள் வந்தன. சத்தியம், அகிம்சை, சேவை, தியாகம் ஆகிய நான்கையும் இயக்கம் தன் விழுமியங்களாக அறிவித்துக்கொண்டது.

அன்று மைசூர் மாவட்டத்தில் இருந்த பிளிகிரிரங்கன மலையில் மருத்துவர் எச். சுதர்சன் 1981இல் சோளகப் பழங்குடியினர் நடுவே விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தை நிறுவினார். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமான பிறகு அந்த மலை அதன் எல்லைக்குள் போயிற்று. எளந்தூர் வட்டத்தில் தொழுநோயை எதிர்த்துப் பணியாற்றிய கருணா அறக்கட்டளையும் அவர் தொடங்கியதே. 1996இல் கும்பள்ளி ஆரம்ப சுகாதார நிலையத்தை அரசு அந்த அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அவர் தலைமையேற்ற கர்நாடக சுகாதாரப் பணிக்குழு 2001இல் தந்த இறுதி அறிக்கையின் தலைப்பில் சமத்துவம், தரம் என்பவற்றோடு நேர்மை என்ற சொல்லும் இருந்தது. அரசு அறிக்கை ஒன்று ஊழலை நிர்வாகக் கோளாறாகத் தள்ளிவிடாமல் நோயாளியின் உயிரோடு தொடர்புடைய செய்தியாக எடுத்துக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்தப் பணிகளைப் போற்றும் எழுத்துகள் பெரும்பாலும் அவற்றின் தன்னலமின்மையையே முன்னிறுத்துகின்றன. தமிழில் அதற்கு ஆழமான முன்மாதிரி உண்டு. திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் மழையிலிருந்துதான் தொடங்குகிறது. மழைக்கு உலகம் திருப்பிச் செய்யக்கூடியது ஏதுமில்லை. கைம்மாறு கருதாத கொடைக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது. ஆனால் நிறுவனத் தலைமைக்கு அதை அப்படியே பொருத்தினால் ஒரு சிக்கல் எழுகிறது. மழையிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. இந்த ஆண்டு ஏன் பொய்த்தாய் என்று கேட்க வயலுக்கு உரிமை இல்லை. தியாகம் செய்து வந்த மருத்துவரிடமும் ஹாடிவாசிக்கு அதே நிலைதான். கடன்பட்டவராக உணர்பவரால் குறை சொல்ல முடிவதில்லை. ஆகவே கைம்மாறு கருதாமை தலைமை அறத்தின் முதல் படி மட்டுமே. அதிகாரத்தைக் கைமாற்றுவது அடுத்த படி, அதுவே கடினமானதும்கூட.

பந்திப்பூர்க் காட்டைக் கடந்தால் வரும் நீலகிரிக் கூடலூர் இதற்கு நல்ல ஒப்பீடு. 1990இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு, பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய ஐந்து சமூகத்தாரையும் நோயாளிகளாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. செவிலியரும் சுகாதாரப் பணியாளரும் அந்தச் சமூகங்களிலிருந்தே பயிற்றுவிக்கப்பட்டார்கள். நிர்வாகப் பொறுப்பும் அவர்களிடம் வந்தது. பிளிகிரிரங்கன மலையிலும் பழங்குடிப் பெண்களுக்குத் துணைச்செவிலியர் பயிற்சி தரப்பட்டது. பயிற்சி தருவதும் நிர்வாகத்தைத் தருவதும் ஒன்றல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

அறுவைக் கத்தியைக் கைமாற்ற முடியுமா, தரம் கெடாதா என்பது நியாயமான மறுப்பு. கைத்திறனுக்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வெளிநோயாளர் பிரிவு சந்தை நாளில் திறந்திருக்க வேண்டுமா, பிரசவ அறையில் தாயின் தாய் உடனிருக்கலாமா, தோட்டத்தில் ஒரு நாள் கூலியை இழந்து வருபவரை மறுநாள் வரச் சொல்லலாமா போன்ற முடிவுகளுக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. பெரும்பாலான மருத்துவமனைகளில் இவற்றையும் மருத்துவரே முடிவுசெய்கிறார். கும்பள்ளியைப் போன்ற ஏற்பாடுகளிலும் இதே கேள்வி உண்டு. அரசு நிலையத்தை அறக்கட்டளை நன்றாகவே நடத்தலாம். ஆனாலும் குறை இருந்தால் மக்கள் யார் வாசலில் போய் நிற்பது என்பது ஒப்பந்தத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

குறைந்த செலவில் நீடித்து நடப்பதாகப் பாராட்டப்படும் திட்டங்களையும் இதே அளவுகோலால் பார்க்க வேண்டும். 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்த ஆஷா எனும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் இன்றும் தன்னார்வலர்களாகவே கணக்கிடப்படுகிறார்கள். 2020 ஜூலையில், கொரோனாவுக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே, கர்நாடக ஆஷாக்கள் மாதம் ரூ.12,000 கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் பெங்களூரு சுதந்திரப் பூங்காவில் குளிரில் அமர்ந்து போராடிய பிறகே ரூ.10,000 உறுதி கிடைத்தது. இத்திட்டம் நீடித்ததற்கு அந்தப் பெண்களின் குடும்பங்கள் விலை கொடுத்தன. அதை நிலைத்தன்மை என்று அழைக்க என்னால் முடியாது.

இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரு சோதனைக் குழாயில் வந்து சேர்வதைப் பார்க்கலாம். நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் அரிவாள் செல் ரத்தசோகை நோய்க்கான மரபணு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இல் வெளியிட்டார்கள். அந்நோயை ஒழிப்பதற்கான தேசிய அளவிலான இயக்கம் 2023 ஜூலையில்தான் வந்தது. 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்துளியைக் கரைசலில் விடுகிறார்கள். குழாய்க்குப் பின்னால் பிடித்த தாளின் கோடுகள் தெரிந்தால் கவலையில்லை. கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால் அந்த மரபணு இருக்கிறது. பரிசோதிக்கப்பட்டவர் நோயாளியா, மரபணுவைச் சுமப்பவர் மட்டுமா என்று அறிய இன்னொரு பரிசோதனை வேண்டும்.

கலங்கிய குழாயைப் பார்க்க ஒரு நொடி போதும். அதற்குப் பிறகுதான் பேச வேண்டியவை தொடங்குகின்றன. சுமப்பவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு நோய் வரலாம். இதைப் பதினெட்டு வயதுப் பெண்ணிடம், அவளுடைய மொழியில், அவளது திருமணம் கெடாதபடி, அவள் அஞ்சாதபடி சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் வேண்டும். சிலருக்குப் பல மாலைகள். பரிசோதனை முடிவைக் குறித்த அட்டை வழங்கிய எண்ணிக்கை மாவட்ட அறிக்கையில் ஏறுகிறது. அந்த மாலைகள் எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை. கூடலூரில் ஆதிவாசிச் சுகாதாரப் பணியாளர்கள் பல ஆண்டுகளாக அந்தப் பேச்சை வீட்டுத் திண்ணைகளில் நடத்தி வருகிறார்கள். கேட்பவர் எதிர்த்துக் கேள்வி கேட்கிறார். சில நேரம் பரிசோதனையையே மறுக்கிறார். மறுத்தவரின் வீட்டுக்கு அவர்கள் மறுபடியும் போகிறார்கள்.