சேலம், நாமக்கல் சமவெளியின் பூளைப்பூக் காப்பு

சிறுபூளை கீரைக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. முழங்கால் உயரத்துக்கு மேல் அரிதாகவே வளரும். தண்டையும் இலையையும் வெள்ளை மென்மயிர் போர்த்தியிருக்கும். இலைக் கக்கங்களில் பஞ்சுபோன்ற பூங்கதிர்கள் நெருங்கி நிற்கும். தாவரவியலில் இதற்கு ஏர்வா லனேட்டா என்று பெயர். 1753இல் லின்னேயஸ் இதை வேறொரு பேரினத்தில் வைத்து விவரித்தார்.

தமிழில் இதன் பதிவு மிகப் பழையது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களுள் வரும் குரீஇப்பூளையைச் சிறுபூளை என்றே கொள்வர். பெரும்பாணாற்றுப்படை வரகுச் சோற்றுக்குப் பூளைப்பூவை உவமையாக்குகிறது. புன்செய் உணவுக்குப் புன்செய்ச் செடியே உவமையானது கவனிக்கத்தக்கது. தேவாரப் பாடல் பெற்ற ஆலங்குடியின் பழம்பெயர் இரும்பூளை; அங்கே பூளையே தலமரம்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக் கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலிலும் கட்டுத்தறியிலும் கிணற்றடியிலும் காட்டு மூலையிலும் செருகுவர். மாவிலை, தும்பை, பிரண்டை சேர்ப்பது ஊருக்கு ஊர் மாறும். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னும் வழக்கம் இருபுறமும் ஒன்றே. கொங்கு நாடு முழுவதும், தருமபுரிப் பக்கமும் இது உண்டு.

காப்பு கிருமியை அழிக்கும் என்று இக்காலத்தில் சொல்லப்படும் விளக்கத்தைவிட நிலம் தரும் விளக்கமே வலுவானது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மேட்டுக்காட்டு வரப்பிலும் தரிசிலும் பூளை யாரும் விதைக்காமலே செழிக்கிறது. மானாவாரிச் சோளம் வீடு வரும் மார்கழி, தை மாதங்களில் அது பூத்து நிற்கிறது. காய்ந்தாலும் அதன் வெண்மையும் வடிவும் எளிதில் கெடுவதில்லை. கூரையில் செருகிய கொத்து பல மாதம் நிலைக்கும். கூரைப்பூ, பொங்கல்பூ என்ற பெயர்களும் இவ்வழியே வந்தவை. ஆண்டு முழுவதற்குமான காவலுக்கு இதைவிடப் பொருத்தமான செடி இவ்வட்டாரத்தில் அரிது. சித்த மருத்துவம் இதைச் சிறுநீர்க் கல்லடைப்புக்குப் பயன்படுத்துகிறது. கேரளத்தில் இது தசபுஷ்பங்களுள் ஒன்று.

ஓலைக்கூரை போய் மாடிவீடு வந்தபின் காப்பு நிலைக்கதவுக்கும் இரும்புக் கேட்டுக்கும் இடம் மாறியது; வண்டிகளிலும் கட்டுகிறார்கள். முன்பு வீட்டார் தாமே காட்டில் பறித்த செடி, இன்று சேலம், ராசிபுரம், நாமக்கல் கடைவீதிகளில் கட்டுக்கட்டாக விலைக்கு வருகிறது. தரிசுகள் வீட்டுமனைகளாவதால், பறிப்பவர்கள் ஊரைத் தாண்டிக் கரட்டு அடிவாரங்களுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.