கையடக்க வீடியோ கேம் கருவிகள்: சந்தைப் போட்டியின் வரலாறு

கையடக்க வீடியோ கேம் கருவி என்பது திரை, பொத்தான்கள், ஒலிபெருக்கி, பேட்டரி ஆகிய அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் கொண்டு, கையில் பிடித்தபடியே விளையாடக்கூடிய மின்னணுக் கருவியாகும். தொலைக்காட்சியுடன் இணைக்கும் வீட்டுக் கருவிகளின் சந்தையில் அடாரி, நின்டெண்டோ, சோனி என முதலிடம் பலமுறை கைமாறியுள்ளது. கையடக்கக் கருவிகளிலோ 1989 முதல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனமே முன்னணியில் இருந்து வருகிறது. அதை எதிர்த்து வந்த கருவிகளில் பெரும்பாலானவை அதன் கருவிகளைவிட ஆற்றல் மிக்கவை. அப்படியிருந்தும் அவை ஏன் தோற்றன என்பதே இச்சந்தையின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய கேள்வி.

தொடக்கம்

அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் 1979இல் வெளியிட்ட மைக்ரோவிஷன், விளையாட்டு அட்டைகளை மாற்றிப் போடக்கூடிய முதல் கையடக்கக் கருவியாகும். அதன் திரை மிகச் சிறியது. வெளிவந்த விளையாட்டுகளும் குறைவு. அது நிலைக்கவில்லை.

1980இல் நின்டெண்டோவின் பொறியாளர் குன்பெய் யோகோய் 'கேம் அண்ட் வாட்ச்' வரிசையை உருவாக்கினார். ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகக் கூறப்படுகிறது. கால்குலேட்டர் போட்டியால் எல்சிடி திரைகளும் சில்லுகளும் மிகவும் மலிந்திருந்த காலம் அது. ஒரு கருவிக்கு ஒரு விளையாட்டு என்ற இந்த எளிய வரிசை மொத்தம் 4.3 கோடிக்கு மேல் விற்றது. பழகித் தேய்ந்து விலை குறைந்த தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய பயனுக்குத் திருப்புவது யோகோயின் கொள்கை. பின்னர் வந்த போட்டிகள் எல்லாவற்றிலும் அதன் நிழலைக் காணலாம்.

கேம் பாயும் வண்ணத் திரைகளும்

1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் கேம் பாய் 12,500 யென் விலையில் வெளியானது. அதே ஆண்டு ஜூலை இறுதியில் சுமார் 90 டாலர் விலையில் அமெரிக்காவுக்கு வந்தது. பாசி படிந்தது போன்ற பச்சைத் திரை, அதில் நான்கு சாயல்கள் மட்டும். திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும்.

சில வாரங்களில் அடாரியின் லின்க்ஸ் வந்தது. வண்ணத் திரை, பின்விளக்கு, வேகமான வரைகலை எல்லாம் அதில் இருந்தன. விலை சுமார் 180 டாலர், அதாவது கேம் பாயைப் போல இரு மடங்கு. 1990இல் ஜப்பானிலும் 1991இல் அமெரிக்காவிலும் சேகா தன் கேம் கியரை 150 டாலர் அளவில் இறக்கியது. தனித் துணைக்கருவியைப் பொருத்தினால் அதில் தொலைக்காட்சியும் பார்க்கலாம். கேம் பாயின் நிறமற்ற திரையைச் சேகா தன் விளம்பரங்களில் வெளிப்படையாகவே கேலி செய்தது. கடையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த எவரும் கேம் கியர்தான் வெல்லும் என்றே கணித்திருப்பார்கள்.

கணிப்பு பொய்த்த இடம் பேட்டரி. அன்றைய வண்ண எல்சிடி திரைக்குப் பின்னால் சிறிய ஒளிர்குழாய் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். மின்சாரத்தின் பெரும்பகுதியை அதுவே குடித்துவிடும். கேம் கியரும் லின்க்ஸும் பென்டார்ச்சில் போடும் ஏஏ அளவு பேட்டரிகள் ஆறைத் தின்று மூன்று முதல் ஐந்து மணி நேரமே ஓடின. கேம் பாய் நான்கு பேட்டரிகளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியது. பேட்டரிக்குக் காசு கொடுப்பவர் பெற்றோர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கருவியின் உண்மையான விலை கடைச் சீட்டில் உள்ளதைவிட அதிகம் என்பது புரியும். நீண்ட கார்ப் பயணத்தின் நடுவில் அணைந்துபோகும் கருவி எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

இரண்டாவது காரணம் டெட்ரிஸ். மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய இவ்விளையாட்டின் கையடக்க உரிமையைப் பெற்றுத் தந்தவர் ஹெங்க் ரோஜர்ஸ். மாரியோவைச் சேர்த்து விற்றால் சிறுவர்கள் வாங்குவார்கள், டெட்ரிஸைச் சேர்த்து விற்றால் எல்லோரும் வாங்குவார்கள் என்று நின்டெண்டோவின் அமெரிக்கத் தலைவர் மினோரு அரகாவாவிடம் அவர் வாதிட்டார். அரகாவா ஏற்றுக்கொண்டார். டெட்ரிஸுக்கு வண்ணம் தேவையில்லை, வேகமான சில்லும் தேவையில்லை. கேம் பாயின் குறைகள் எதுவும் அதில் தெரியாது. அந்த ஒரு விளையாட்டு மட்டும் கேம் பாயில் சுமார் 3.5 கோடி விற்றது. (நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்ற மலிவான 'பிரிக் கேம்' கருவிகளும் இதே டெட்ரிஸின் நகல்கள்தாம்.)

1996இல் வந்த போகிமான், இரு கருவிகளைக் கம்பியால் இணைத்து உயிரிகளை மாற்றிக்கொள்ளும் முறையால் பழைய கேம் பாய்க்கு மறுவாழ்வு கொடுத்தது. நண்பனிடம் எந்தக் கருவி இருக்கிறதோ அதையே வாங்கியாக வேண்டிய நிலை உருவானது. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடியோடு நின்றது. கேம் பாயும் 1998இல் வந்த கேம் பாய் கலரும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன.

1996இல் நின்டெண்டோவை விட்டு விலகிய யோகோய், பந்தாய் நிறுவனத்தின் வொண்டர்ஸ்வான் கருவியின் உருவாக்கத்தில் பங்கேற்றார். ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் ஓடும் அக்கருவி 4,800 யென் விலையில் 1999இல் வெளிவந்தது. நின்டெண்டோவை அதன் சொந்த ஆயுதத்தாலேயே தாக்கிய ஒரே போட்டியாளர் என்று இதைச் சொல்லலாம். அதைக் காண யோகோய் உயிருடன் இல்லை. 1997இல் சாலை விபத்தில் இறந்திருந்தார்.

டிஎஸ், பிஎஸ்பி

2004 டிசம்பரில் ஜப்பானில் பத்து நாள் இடைவெளியில் இரு கருவிகள் வெளியாயின. நின்டெண்டோ டிஎஸ் 15,000 யென். சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள், சுருக்கமாக பிஎஸ்பி, வரி நீங்கலாக 19,800 யென். வீட்டுக் கருவிகளில் நின்டெண்டோவை வீழ்த்திய சோனி கையடக்கத்திலும் அதையே செய்யும் என்று பலர் எதிர்பார்த்தனர். பிஎஸ்பியின் அகலத் திரையில் திரைப்படமும் பார்க்கலாம், பாட்டும் கேட்கலாம். நின்டெண்டோவே டிஎஸ்ஸை கேம் பாயின் வாரிசு என்று அறிவிக்காமல் மூன்றாவது தூண் என்று குறிப்பிட்டது. தோற்றால் கேம் பாயின் பெயர் கெடாமல் இருக்கச் செய்த முன்னெச்சரிக்கை என்றே தோன்றுகிறது.

2005இல் வந்த நாய்க்குட்டி வளர்க்கும் 'நின்டெண்டாக்ஸ்', மூளைப் பயிற்சி விளையாட்டு ஆகியவை, அதுவரை கேம் கருவியைத் தொட்டிராத பெண்களையும் முதியவர்களையும் டிஎஸ்ஸின் தொடுதிரைக்கு இழுத்தன. டிஎஸ் 15.4 கோடி விற்றது. பிஎஸ்பியும் 7.6 கோடிக்கு மேல் விற்றது. இதைத் தோல்வி என்பது நியாயமாகாது. நின்டெண்டோவுக்கு எதிராக வேறெந்தக் கையடக்கக் கருவியும் இவ்வளவு தூரம் வந்ததில்லை.

திறன்பேசியின் வருகை

2008இல் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தபின் போட்டி வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு டாலருக்கும் இலவசமாகவும் விளையாட்டுகள் சட்டைப்பையில் இருந்த தொலைபேசியிலேயே கிடைத்தன. 2011 பிப்ரவரியில் கண்ணாடி அணியாமல் முப்பரிமாணம் காட்டும் 3டிஎஸ்ஸை நின்டெண்டோ 25,000 யென்னுக்கு வெளியிட்டது. விற்பனை படுத்துவிட்டது. ஆறு மாதம் முடியுமுன் 10,000 யென் குறைக்க நேர்ந்தது. தலைவர் சதோரு இவாதா தன் ஊதியத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். முழு விலை கொடுத்து முன்பே வாங்கியவர்களுக்கு 20 பழைய விளையாட்டுகள் இலவசமாக அளிக்கப்பட்டன.

சோனியின் பிஎஸ் வீட்டா அந்த டிசம்பர் 17 அன்று ஜப்பானில் வெளிவந்தது. ஜப்பானில் பிஎஸ்பியின் விற்பனையைத் தாங்கியது கேப்காம் நிறுவனத்தின் 'மான்ஸ்டர் ஹன்டர்' வரிசை. அவ்வரிசையின் புதிய விளையாட்டு சரியாக ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 10 அன்று, 3டிஎஸ்ஸில் வெளியாகிவிட்டது. வீட்டாவின் ஓஎல்இடி திரை சிறப்பானது. ஆனால் அதற்கென்றே தனியாக வாங்க வேண்டிய நினைவக அட்டைகளின் விலை வாங்குபவர்களைக் கசக்க வைத்தது. 32 ஜிபி அட்டை அமெரிக்காவில் 100 டாலர். 3டிஎஸ் மீண்டெழுந்து 7.5 கோடியைத் தாண்டியது. வீட்டாவின் உற்பத்தி 2019இல் நின்றது.

2017 மார்ச்சில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், தொலைக்காட்சியிலும் கையிலும் விளையாடத்தக்க ஒரே கருவியாக இரு சந்தைகளையும் இணைத்து 15 கோடிக்கு மேல் விற்றது. 2025 ஜூனில் வெளியான ஸ்விட்ச் 2, முதல் நான்கு நாட்களில் 35 லட்சம் விற்றது. இப்போதைய போட்டி கணினி விளையாட்டுகளை ஓட்டும் கையடக்கங்களிலிருந்து வருகிறது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் 2022இலும், ஏசஸின் ஆர்ஓஜி அல்லை 2023இலும் வந்தன. ஸ்டீம் டெக்கின் முதல் வடிவம் சில பெரிய விளையாட்டுகளில் இரண்டு மணி நேரத்தில் அணைந்துவிடும் என்ற குறை எழுந்தது. 2023 நவம்பரில் வெளியான அதன் அடுத்த வடிவத்தில் வால்வ் கணிப்பு ஆற்றலைக் கூட்டவில்லை. திரையை மாற்றி, பேட்டரியைப் பெரிதாக்கியது.